வாசகர் கேள்வி-பதில்: நிலைக்கு மரமா, டபிள்யூபிசியா?

கேள்வி: திருவாரூர் பக்கம் வீடு கட்டிட்டு இருக்கோம், ரூஃப் காங்கிரீட் முடிஞ்சுது. நிலை, கதவு எல்லாமே டபிள்யூபிசில போட்டுடுங்க, கரையான் தொல்லையே இருக்காதுன்னு இன்ஜினியர் சொல்றாரு. ஆசாரியோ பிளாஸ்டிக்ல நிலை வெச்சா நிக்காதும்மான்னு ஒரே பிடிவாதம். யார் பேச்சை கேக்கறது?
– வாசகி, திருவாரூர்

பதில்: பாத்ரூமுக்கு இன்ஜினியர் பேச்சை கேளுங்க, தலைவாசலுக்கு ஆசாரி பேச்சை கேளுங்க. டபிள்யூபிசின்னா வுட் பிளாஸ்டிக் கம்போசிட், அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. ஆனா அந்தப் பேர்ல கடையில விக்கிற போர்டுல பெரும்பாலும் பிவிசியும் சுண்ணாம்புக்கல் பவுடரும்தான், மரத்தூள் கொஞ்சம் சேர்த்திருப்பாங்க. அதனால தண்ணி குடிக்காது, உப்பாது, கரையானுக்கு அதுல தின்ன ஒண்ணும் கிடையாது. உங்க ஊர் களிமண்ணு ஈரத்துக்கு பாத்ரூம் மர நிலையோட அடிக்கால் நாலஞ்சு வருஷத்துல கறுத்து உளுத்துப் போறதை நீங்களே பாத்திருப்பீங்க, அந்த இடத்துல தேக்கு போட்டு காசை கரைக்கறது எனக்கு சுத்தமா பிடிக்காது. ஆனா ஒண்ணு, கரையான் டபிள்யூபிசியை தின்னாதே தவிர இது மேல மண்ணு கட்டி ஏறிப்போய் உள்ள இருக்கிற பிளைவுட் கப்போர்டை தாராளமா தின்னும், அதனால அஸ்திவாரத்துல கரையான் மருந்து அடிக்கறதை மட்டும் விட்டுடாதீங்க.

இப்ப ஆசாரி பயப்படறதுல இருக்கிற நியாயத்துக்கு வரேன். நிறைய வீட்ல டபிள்யூபிசி கதவு தொங்கிப்போச்சு, ஸ்க்ரூ கழண்டு வந்துடுச்சுன்னு புலம்பறாங்களே, அதுல பாதி அதை மரம் மாதிரியே நெனச்சு வேலை செஞ்சதால வந்த வினை. மரத்துல ஆணி அடிச்சா நார் புடிச்சுக்கும், இதுல நார் கிடையாது, உள்ள பன்னு மாதிரி சின்னச்சின்ன காத்துக் குமிழ்தான் இருக்கும். அதனால ஆணி வேண்டவே வேண்டாம், ஸ்க்ரூவை விட மெல்லிசான டிரில் பிட்ல முதல்ல ஓட்டை போட்டுட்டு அப்புறம் ஸ்க்ரூ முடுக்கணும், சுத்தியால தட்டி இறக்கக்கூடாது. வழக்கமா மரத்துக்கு போடற வெள்ளை ஃபெவிகால் இதுல சரியா புடிக்காது, அது காயணும்னா மரம் அதோட ஈரத்தை உறிஞ்சணும், இதுதான் உறிஞ்சவே உறிஞ்சாதே, அதனால பிவிசிக்குன்னு விக்கிற பசைதான் போடணும். 30 எம்எம் கனத்துல 7 அடிக்கு 3 அடி கதவுன்னா கிட்டத்தட்ட 38 கிலோ வரும், அதுக்கு மூணு கீல் பத்தாது, நாலு போடச்சொல்லுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி 30 எம்எம் போர்டுல ஒரு அடிக்கு ஒரு அடி துண்டு சாம்பிள் கேளுங்க, தரவே மாட்டேங்கிற கடையில வாங்காதீங்க. அதை தராசுல வெச்சா 1.8 கிலோ பக்கம் வரணும், ஒன்றரை கிலோதான் இருக்குன்னா நிலை கதவுக்கு அது லாயக்கில்ல. எடையை மட்டும் பாத்தும் நம்பிடாதீங்க, சுண்ணாம்பு பவுடரை அள்ளிப்போட்டு எடையை ஏத்திடலாம், அப்படி செஞ்ச போர்டு நொறுங்கி உடையும். அதே துண்டுல ஒரே ஓட்டையில ஒரு ஸ்க்ரூவை அஞ்சாறு தடவை ஏத்தி இறக்கிப் பாருங்க, அப்பவும் இறுக்கமா புடிச்சா சரக்கு நல்ல சரக்கு.

வெயில் விஷயம்தான் ரொம்ப முக்கியம், யாரும் சொல்லவே மாட்டாங்க. சூடு ஏறினா பிவிசி நீளும், 7 அடி நிலைக்கால் 30 டிகிரி சூடு ஏறினா 3, 4 மில்லி வரை நீளும், மரம் நீளவாக்குல அரை மில்லி கூட நீளாது. 80 டிகிரி பக்கம் போனா பிவிசி இளகவே ஆரம்பிச்சுடும். மேற்கு பாத்த வாசல்ல, மேல சன்ஷேட் இல்லாம, டார்க் பிரவுன் பெயிண்ட் வேற அடிச்சு சித்திரை வெயில்ல விட்டா வளையாம என்ன செய்யும்? அதனால தலைவாசல், வெயில் படற பால்கனி கதவு ரெண்டுக்கும் மரமே போடுங்க. புது தேக்கு கட்டுபடியாகலன்னா வேங்கை பாருங்க, இல்ல காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய வீடு பிரிச்ச பர்மா தேக்கு நிலை கதவெல்லாம் கிடைக்கும், ஒரு நாள் போயிட்டு வாங்க.

கேள்வி: கிச்சன் கப்போர்டு முழுசும் டபிள்யூபிசி போடலாமா சார்?
– வாசகர், ஈரோடு

பதில்: சிங்க் அடியில கண்ணை மூடிட்டு போடுங்க. அரிசி மூட்டை, கிரைண்டர் வைக்கிற தட்டுக்கு மட்டும் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற பிளைவுட் (மரைன் பிளைவுட்) போடுங்க, ஏன்னா டபிள்யூபிசி வெயிட் தாங்கி தாங்கி நாளாக நாளாக நடுவுல தொய்ஞ்சிடும், தொய்ஞ்சது திரும்ப நிமிராது. அடுப்பை ஒட்டின இடத்துலயும் வேண்டாம். லேசுல தீ பரவாதுன்னு சொல்றது உண்மைதான், ஆனா பிவிசி கருகினா வர்ற புகையில ஆசிட் இருக்கு, மூடின கிச்சன்ல அது ரொம்ப ஆபத்து.

கேள்வி: நாகப்பட்டினத்துல எங்க தாத்தா காலத்து ஓட்டு வீடு. ஓட்டைத் தாங்கற கைமரம் எல்லாம் உளுத்துப்போச்சு, அதுக்கு பதிலா இந்த மாதிரி கம்போசிட் சட்டம் போட்டா உப்புக்காத்துக்கும் தாங்கும்லண்ணே?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உப்புக்காத்துக்கு தாங்கும் தம்பி, ஆனா ஓட்டு பாரத்துக்கு தாங்காது. தேக்கோட விறைப்புல நாலுல ஒரு பங்கு கூட இந்த பிவிசி சட்டத்துக்கு வராது, அதுலயும் ஓட்டுக்கு கீழ சேர்ற சூட்டுல இன்னும் தளர்ந்துடும். தலைக்கு மேல நிக்கற விஷயம், இதுல ரிஸ்க் எடுக்காதீங்க. நல்லா முத்தின பனை கிடைச்சா அதையே போடுங்க, இல்லன்னா ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசின இரும்புக் குழாய். வெல்டிங் வெச்ச இடத்துல துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போயிருக்கும், கடல் காத்துல முதல்ல துரு புடிக்கறது அங்கதான், அதனால ஓடு ஏத்தறதுக்கு முன்னாடி ஜாயிண்ட் எல்லாத்துக்கும் ஜிங்க் பெயிண்ட் ரெண்டு கோட்டிங் அடிக்கச்சொல்லி பக்கத்துல நின்னு பாருங்க.