சிங்கி இறால்: முட்டை முதல் குஞ்சு வரை

கேள்வி (குருநகர்): ஐயா, வலையில் வரும் சிங்கி இறால்களில் சிலவற்றின் வாலடி முட்டை செம்மஞ்சளாகவும், சிலவற்றினுடையது கடும் கபிலமாகவும் இருக்கிறதே. இவை வேறு இனங்களா?

பதில்: ஓரினத்திலேயே இரண்டையும் காணலாம், முட்டையின் வயதுதான் வேறு. ஆண் தன் விந்துப் பொதியைப் பெண்ணின் நெஞ்சடியில் ஒட்டிவிட, அது கறுத்து இறுகிப் போகிறது. முட்டையிடும் வேளையில் பெண் தன் கடைசிக் காலின் நுனியிலுள்ள சிறு கவ்வியால் அதைச் சுரண்டித் திறந்து, வெளிவரும் முட்டைகளைக் கருக்கட்டச் செய்து, வாலடித் துடுப்புகளின் மயிர்களில் கொத்துக்கொத்தாக ஒட்டவைத்துக்கொள்கிறது. (அந்தக் கவ்வி ஆணுக்கு இல்லை, முட்டையில்லாத காலத்திலும் பெண்ணை அறிய அதைப் பார்த்தாலே போதும்.) அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள முட்டை தொடக்கத்தில் செம்மஞ்சளாக இருக்கும், கருவின் கண்கள் கறுக்கத் தொடங்கியதும் முழுக் கொத்தும் கபிலமாகிறது. எமது கடல் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரங்களில் பொரித்துவிடும்.

கேள்வி (பருத்தித்துறை): முட்டையை வழித்துக் கடலில் விட்டுவிட்டு இறாலை விற்றால் என்ன?

பதில்: வழித்த முட்டை பிழைக்காது, தாய் துடுப்புகளை ஓயாமல் அசைத்து நல்ல நீரை ஊட்டுவதாலேயே அது வளர்கிறது. சினை இறாலைப் பிடிப்பது இலங்கையில் சட்டப்படி தடை என்பதும் தெரிந்ததே. வழித்தாலும் மயிர்களில் முட்டைக் காம்புகள் எஞ்சி நிற்கும். உருப்பெருக்கியில் பார்ப்பவருக்கு உண்மை விளங்கிவிடும்.

கேள்வி (திருநெல்வேலி, மாணவி): முட்டையை ஓராண்டளவு சுமக்கும் என்றும், குடம்பி ஓரிரு மாதம்தான் மிதக்கும் என்றும் வாசித்தேன். எது சரி?

பதில்: நீங்கள் வாசித்தது வட அத்திலாந்திக்கின் குளிர்நீரில் வாழும், பெரிய கவ்விகளையுடைய வேறொரு குடும்பத்தைப் பற்றியது. முள் இறால் என்றும் சொல்லப்படும் எமது சிங்கி இறாலில் கணக்குத் தலைகீழ்: முட்டைக்காலம் குறுகியது, மிதக்கும் காலம் மிக நீண்டது.

கேள்வி (காரைநகர்): இறால் குஞ்சைப் பொரிப்பகத்தில் பெறுவதுபோல் சிங்கி இறால் குஞ்சையும் பெற முடியாதா?

பதில்: இங்கேதான் முழுச் சிக்கலும் இருக்கிறது. வளர்ப்பு இறாலின் குடம்பி இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சாகிவிடும். சிங்கி இறாலிலோ, பொரித்து வருவது தாயின் சாயலே இல்லாத, கண்ணாடித் தாளில் வெட்டியது போன்ற தட்டையான ஓர் உயிர். 'பில்லோசோமா' எனப்படும் இது ஒன்றரை மில்லிமீட்டரில் தொடங்கி, பலமுறை கோது கழற்றியபடி, இரவில் மேலெழுந்தும் பகலில் ஆழத்துக்கு இறங்கியும், நீரோட்டத்தோடு திறந்த கடலில் பல மாதங்கள் அலைகிறது. மென்மையான மிதவை உயிர்களே இதன் உணவு. சில வேளைகளில் சொறிமுட்டையை (ஜெலிமீனை) பற்றிக்கொண்டு பயணிப்பதும் உண்டு. தொட்டிச் சுவரில் உரசினாலே அதன் நீண்ட கால்கள் முறியும், ஒன்றோடொன்று சிக்கும், நீரில் பக்டீரியா பெருகினால் கூட்டமாகச் சாகும். ஒரு முள் இறாலினத்தை முட்டையிலிருந்து குஞ்சுவரை வளர்த்தெடுக்க யப்பானில் 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வியட்நாமில் கடலில் கூடுகள் அமைத்துச் சிங்கி இறால் வளர்ப்பது பெருகியதும் கடலில் பிடித்த குஞ்சுகளை நம்பியே. ஆகவே சிறு முதலீட்டில் பொரிப்பகம் அமைக்கலாம் என்று யாராவது சொன்னால், காசைக் கொடுக்குமுன் குடம்பியை எத்தனை மாதம், எதைக் கொடுத்து வளர்ப்பீர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி (வேலணை): நங்கூரக் கயிற்றுப் பாசியில் விரல் நுனியளவில், நீண்ட மீசையோடு, உடல் முழுதும் ஊடுதெரியும் ஒன்றைக் கண்டேன். வெள்ளை இறால் குஞ்சா?

பதில்: மீசை உடலைவிட நீளமாகவும் தடிப்பாகவும் இருந்திருந்தால் அது பெரும்பாலும் சிங்கி இறாலின் 'பியூருலஸ்' பருவம். பில்லோசோமா ஒரே கோது கழற்றலில் இந்த உருவத்துக்கு மாறி, வாலடித் துடுப்புகளால் நீந்திக் கரையை நாடுகிறது. இந்தப் பருவத்தில் அது எதையும் உண்பதில்லை. உடலில் சேர்த்த கொழுப்பே முழு எரிபொருள். பாறைப் பொந்தோ பாசியோ சாதாளையோ கிடைத்ததும் ஒடுங்கி, நாட்கள் செல்ல நிறம் ஏறி, அடுத்த கோது கழற்றலில் பெரிய இறாலின் சிறு பிரதியாகிறது. இந்தக் குஞ்சு முதலில் தன் உடலளவேயான பொந்தில் தனித்திருக்கும். சற்று வளர்ந்த பின்பே கூட்டம் சேரும். நீங்கள் கண்டதை அந்தக் கயிற்றோடு அப்படியே நீரில் விட்டிருந்தால் நல்லது.