அடுப்படிக் கணக்கு

(திருவல்லிக்கேணியில் மேன்ஷன் பிள்ளைகளுக்காகப் பல வருடம் மெஸ் நடத்திய அக்கா பதில் சொல்கிறார்)

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. சம்பளம் 17,000 ரூபாய். இரண்டு நண்பர்களுடன் அறை எடுத்திருக்கிறேன். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, டீ, வடை என்று மாதம் 8,000 ரூபாய் போகிறது. ஊரில் அம்மா, “சமைச்சுச் சாப்பிடுடா” என்கிறார். நண்பர்களோ, “கேஸ், சாமான், நேரம் எல்லாம் கூட்டினால் கடைதான் லாபம்” என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: தம்பி, நீங்கள் ஒருவருக்காக மட்டும் உலை வைத்தால் நண்பர்கள் சொல்வதுதான் சரி. மூன்று பேருக்கும் சேர்த்து வைத்தால் அம்மா ஜெயித்தார்.

ஒரு ஆளுக்குச் சாம்பார் வைத்துப் பாருங்கள். கொத்தமல்லிக் கட்டில் கால்வாசி போடுவீர்கள், மீதி அழுகும். தாளிக்கிற எண்ணெய் ஒருவருக்கும் மூவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. குக்கர் விசிலும் அதே மூன்றுதான். மூன்று பேருக்கு என்றால் அரை கிலோ அரிசி 30 ரூபாய், 100 கிராம் துவரம்பருப்பு 15, காய்கறி 25, எண்ணெய், புளி, கேஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு 20. தலைக்கு 30 ரூபாய். அதே சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் 90 ரூபாய் வாங்குவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதில் பாதிக்குக் கிட்டே மளிகைக்கே போய்விடும். மீதியில் வாடகை, ஆள் சம்பளம். அப்புறம் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர். அதன் விலை ஏறிய வாரத்தில் எந்தக் கடையிலும் வடையை உற்றுப் பார்க்காதீர்கள், இளைத்திருக்கும்!

அதற்காகக் கடையை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. கடையில் எதைச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் காசு இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன். இட்லியிலும் அளவில்லாச் சாப்பாட்டிலும் கடைக்காரருக்கு மிச்சம் குறைவு. சாப்பாட்டு விலையை அவர் சராசரி வயிற்றைப் பார்த்து வைக்கிறார். உங்கள் வயதுக்காரர் மூன்றாம் முறை சாதம் கேட்டால் அவர் முகம் சுருங்கும், கேட்கத்தான் வேண்டும். கடையின் லாபமெல்லாம் நெய் ரோஸ்ட், ஆனியன் ஊத்தப்பம், ஆம்லெட், காபியில். ஒரு கரண்டி மாவை மெல்லிசாக இழுத்து, ஓரத்தில் கொஞ்சம் நெய் விட்டால் விலை இரண்டு மடங்கு. முட்டை மளிகைக் கடையில் 7 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதையே சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் போட்டு அடித்து ஊற்றினால் 20. ஆகவே தோசையும் முட்டையும் அறையில், இட்லியும் மதியச் சாப்பாடும் வெளியே. ஒரே கடையில் மாத டோக்கன் எடுத்தால் இன்னும் குறையும். ஆனால் ஊருக்குப் போகிற நாட்களின் டோக்கன் அடுத்த மாதம் செல்லுமா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை வேளைக்கு நீங்கள் அம்மா உணவகத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே, வெட்கமா? சென்னை மாநகராட்சி 2013இல் தொடங்கியது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. அந்த விலைக்கு வீட்டில் மாவுகூட அரைக்க முடியாது. நின்றுகொண்டு சாப்பிட வேண்டும், அவ்வளவுதானே. என் மெஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்த சிலர் அந்த வருடம் காலையில் அங்கே போக ஆரம்பித்தார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர்கள் செய்தது தப்பே இல்லை.

அப்படியானால் இரவு மட்டும் சமையுங்கள். 5 கிலோ சின்ன சிலிண்டர் அடையாள அட்டையைக் காட்டினாலே கிடைக்கும். இண்டக்ஷன் அடுப்பு வாங்குவதாக இருந்தால், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று முதலில் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது சப்-மீட்டர் வைத்த அறைகளுக்கு வந்து சேர்வது அபூர்வம். ஊரில் ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வீட்டுக்குப் போக மிச்சமிருந்தால் அம்மா சந்தோஷமாகக் கட்டிக் கொடுப்பார். குழம்பு வைக்க நேரமில்லாத நாளில் சோற்றை மட்டும் வடித்துவிட்டு, குழம்பும் பொரியலும் பார்சல் வாங்குங்கள். ஒரு குழம்பு மூன்று பேருக்கும் தாராளம்.

பாத்திரம் யார் கழுவுவது என்பதை மட்டும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். நான் பார்த்தவரை அறைச் சமையல் நின்றுபோவது அந்தச் சண்டையில்தான். சமைத்தவர் கழுவ வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் சமைக்க ஆள் கிடைப்பார்.

அந்த 8,000இல் டீ, வடைக்கு எவ்வளவு என்று நீங்கள் பிரித்து எழுதவில்லை. எழுதியிருந்தால் அதற்குத்தான் முதலில் திட்டியிருப்பேன்.

கேள்வி: லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். சமைக்க அனுமதி இல்லை, கெட்டில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. ஆப்பில் வாங்கியே காசு கரைகிறது.
– ஒரு வாசகி, கோவை

பதில்: ஆப்பில் பல கடைகள் பண்டத்துக்கே விலையைக் கூட்டி வைத்திருக்கின்றன. அதன்மேல் பேக்கிங், டெலிவரி வேறு. நடந்துபோய் வாங்குங்கள். கெட்டி அவலைக் கழுவி, கொஞ்ச நேரம் ஊறவைத்துத் தயிர், உப்பு, ஊறுகாயோடு சாப்பிட்டால் இரவுக்குப் போதும், அடுப்பே வேண்டாம். கெட்டில் தண்ணீரில் முட்டை வேகும், பாலை மட்டும் அதில் ஊற்றாதீர்கள், அடிப்பிடித்து கெட்டில் போய்விடும்.

கேள்வி: இட்லி மாவு பாக்கெட் வாங்குவதா, அரைப்பதா? வீட்டில் நாங்கள் நான்கு பேர்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அரையுங்கள். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் மூன்று கிலோ மாவு காணும், செலவு பாக்கெட்டில் பாதிதான். வீட்டில் கிரைண்டர் இல்லையென்றால், காசு வாங்கிக்கொண்டு அரைத்துத் தருகிற கடை உங்கள் தெருப் பக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். உளுந்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.