கேட்க ஆளில்லாத வகுப்பு (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். முதலாண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் நின்று ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அதற்கு இருபத்தைந்து மதிப்பெண். ஆலங்குளம், முக்கூடல், நாங்குநேரிப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். பலரும் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறார்கள். மற்றவர்கள் சிரிக்கிறார்கள், சில சமயம் எனக்கே சிரிப்பை அடக்க முடிவதில்லை. போன வாரம் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச வந்த ஒரு மாணவி பாதியில் அழுதுகொண்டே போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் அம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றிக்கொண்டே படிக்கிற பெண். தப்பை அந்தந்த இடத்திலேயே திருத்த வேண்டும் என்கிறார் எங்கள் துறைத்தலைவர். உச்சரிப்பை எவ்வளவு தூரம் திருத்தலாம்? முதலில் தமிழில் யோசிக்க விடலாமா? பவர்பாயிண்ட் கட்டாயம் வேண்டுமா? இதற்கென்று நல்ல ஆப் ஏதாவது உண்டா?

பெயர் வேண்டாம்,
பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

என் பெரியப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அவர் வில்லுப்பாட்டில் குடம் அடித்துப் பின்பாட்டுப் பாடியவர். நீங்கள் கேட்டிருப்பதும் நான் யோசித்துக்கொண்டிருந்ததும் ஒன்றுதான் என்று பட்டது. அதனால் கட்டுரையை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். பவர்பாயிண்ட் வேண்டாம். முதலாண்டுப் பிள்ளை கையில் அதைக் கொடுத்தால் திரையைப் பார்த்து வாசிக்கும், கூட்டத்துக்கு முதுகைக் காட்டும். ஆப்பும் தேவையில்லை. செல்போனில் தன் குரலைப் பதிவு செய்து தானே கேட்டால் போதும். உச்சரிப்பில், கேட்பவருக்குப் புரியாமல் போகிற இடத்தை மட்டும் திருத்துங்கள். 'பஸ்ஸு', 'புக்கு' என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டால் யாருக்கும் எதுவும் புரியாமல் போய்விடாது. டெவலப் என்ற சொல்லில் இரண்டாவது அசையை அழுத்தாமல் எல்லா அசையையும் ஒரே சீராகச் சொல்லிப் போனால் வெளியூர்க்காரர் திணறுவார். அதைச் சொல்லிக்கொடுங்கள். பேசுகிறவளை நடுவில் நிறுத்தித் திருத்தச் சொல்லும் துறைத்தலைவர் சொல்வதைக் கேட்காதீர்கள். தப்புகளைக் குறித்துவைத்து, எல்லோரும் பேசி முடித்த பிறகு, யாருடைய தப்பு என்று சொல்லாமல், இரண்டை மட்டும் எடுத்துக் கரும்பலகையில் விளக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

தமிழில் யோசிக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் எழுத விடாதீர்கள். தமிழில் எழுதிவிட்டால் அதை வரிக்கு வரி மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவளிடம் வாயால் சொல்லிப் பார்க்கட்டும். சொல்லி முடித்ததும் ஒரு சின்ன அட்டையில் ஐந்தாறு ஆங்கிலச் சொற்களை எழுதிக்கொள்ளட்டும். வாக்கியம் எழுதினால் அட்டையைப் பிடுங்கிவிடுங்கள்.

சரி, இப்போது கோபப்படுகிற இடத்துக்கு வருகிறேன். 'எனக்கே சிரிப்பை அடக்க முடிவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எப்படி உங்களால் எழுத முடிந்தது? நாற்பது ஐம்பது பேர் சிரித்தாலும், முகத்தில் சிரிப்பில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நீங்கள். பயந்து நிற்கிற பிள்ளை யாரைப் பார்க்கும்? உங்களைத்தான். உங்கள் உதடு கொஞ்சம் அசைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். இனி ஒரு தடவை இது நடக்கக் கூடாது.

நீங்கள் நல்ல ஆசிரியை. அழுத பிள்ளையை நினைத்து இவ்வளவு நீளக் கடிதம் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? ஆனால் உங்கள் கடிதம் முழுக்கப் பேசுகிறவளைப் பற்றியே இருக்கிறது. அவள் உச்சரிப்பு, அவள் இலக்கணம், அவள் பயம். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. நோயே அங்கேதான் இருக்கிறது.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் விடியவிடிய வில்லு நடக்கும். வில்லுப்பாட்டு என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் சுப்பு ஆறுமுகம் நினைவுக்கு வருவார். நம் சத்திரம்புதுக்குளத்தில் பிறந்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவரைப் போல, வில்லைத் தட்டுகிற வீசுகோலைப் பிடித்து நடுவில் உட்கார்ந்து கதை பாடுகிற புலவரைத்தான் சனம் பார்க்கும். பெரியப்பா பக்கத்தில் குடத்தோடு உட்கார்ந்திருப்பார். புலவர் ஒரு வரி சொல்வார்; இவர் 'ஆமா' என்பார். 'கொட்டாரக்கரைக்குப் போனார் மாடன்.' 'ஆமா, கொட்டாரக்கரைக்கு.' 'போனவர் சும்மா வந்தாரா?' 'சும்மா வந்தாரா?' வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற ஆள் என்றுதான் தோன்றும். சின்ன வயதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டியபோதுதான் புரிந்தது. புலவர் இழுத்து மூச்சுவிட வேண்டிய நேரத்தில் பெரியப்பா கடைசி வரியைத் திருப்பிப் பாடுவார். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்கு விளங்காத இடம் வந்தால் 'யாரு, அந்தக் காளிப்புலையனா?' என்று கேட்பார். புலவர் விளக்கிச் சொல்ல அது ஒரு சாக்கு. கதை நூல் அறுந்தால் அதைப் பிடித்துக் கையில் கொடுப்பதும் அவர்தான். இரவு இரண்டு மணிக்கு மேல் எந்தப் புலவருக்கும் ஓர் இடத்தில் மறதி வரும். பெரியப்பா என்னிடம் சொன்னது: 'பாடுதவன் வாயப் பாக்காதல, கண்ணப் பாரு. மறதி முதல்ல கண்ணுலதான் வரும்.' கண்ணில் மறதி வந்ததும் போன வரியை எடுத்துக் கேள்வியாகத் திருப்பிப் போடுவார். பதில் சொல்ல வாயெடுக்கிற புலவருக்கு அடுத்த வரி தானாக வந்துவிடும். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

உங்கள் மாணவி மூன்றாவது வரியில் நின்றபோது இதைச் செய்ய அந்த அறையில் ஒருவர்கூட இல்லை.

வில்லுக்காரர்கள் கதைக்குள் நேரே குதிப்பதில்லை. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், அப்புறம்தான் கதை, கடைசியில் வாழி. இதில் உங்களுக்கு வேண்டியது வருபொருள். என்ன சொல்லப் போகிறேன் என்பதை முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவது. ஆங்கிலத்தில் பேசுகிறவனுக்கு இது ரொம்ப அவசியம். காரணமெல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வருவது நம் பேச்சு வழக்கு. ஆங்கிலத்தில் கேட்கிறவர் விஷயம் முதலில் வரும் என்று காத்திருப்பார். அவையடக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். 'என் ஆங்கிலம் சரியில்லை, மன்னிக்கவும்' என்று தொடங்குகிற பிள்ளையின் மற்ற வரிகளை யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த வகுப்பில் பேசுகிறவளுக்கு நேர் எதிரே முன் பெஞ்சில் இரண்டு பேரைப் பின்பாட்டுக்கு உட்கார வையுங்கள். வேலை மூன்றுதான். கண்ணைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அவள் நின்றுவிட்டால் அவளுடைய கடைசி வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பிக் கேட்க வேண்டும். முடிந்ததும் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிற ஒன்றைக் கேட்க வேண்டும். 'யூ கட் த லீஃப்? வித் வாட்?' இதைச் சொல்ல எத்தனை இலக்கணம் வேண்டும்? கேட்பவளுக்கும் அது ஆங்கிலப் பயிற்சிதான். பின்பாட்டு ஆட்களை ஒவ்வொரு பேச்சுக்கும் மாற்றுங்கள். நாளைக்குத் தான் எழுந்து நிற்கும்போது எதிரே உட்காரப் போவது யார் என்று தெரிந்தால் சிரிப்பு தானாகக் குறையும்.

'லீஃப்' என்று எழுதியது தற்செயலாக அல்ல. அந்தப் பெண்ணுக்குச் செயற்கை நுண்ணறிவு என்ற தலைப்பை யார் கொடுத்தது? நீங்கள் கொடுத்திருந்தால் தப்பு. அவளே எடுத்திருந்தாலும், இப்படித்தான் பேச வேண்டும் என்று அவளை நினைக்க வைத்தது நம் வகுப்பறைதான். இணையத்திலிருந்து எடுத்த மூன்று பத்தி. அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது, கேட்கிறவர்களுக்கு அதில் எதுவும் தேவையில்லை. பிறகு மனப்பாடம் செய்யாமல் என்ன செய்வாள்? மனப்பாடத்தில் ஒரு சொல் விட்டுப்போனால் மிச்சம் எல்லாம் போய்விடும்.

அவளுக்குத் தெரிந்தது எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளிலிருந்து வருகிற பீடி இலை. முந்தின நாளே தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைக்க வேண்டும். அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிக்க வேண்டும். மடியில் சுளவு (முறம்), சுளவில் இலை, புகையிலைத் தூள், நூல். தூளை வைத்து உருட்டி, நூல் சுற்றி, தலையை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்ட வேண்டும். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியில்லை என்று கழித்துப் போட்டது போக, மிச்சத்துக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒவ்வொரு வேலையும் ஒரு சின்ன ஆங்கில வாக்கியம். முதலில், அப்புறம், அதற்குப் பிறகு என்று வரிசையும் கைக்குள்ளேயே இருக்கிறது. கைக்குத் தெரிந்ததை வாய் மறக்காது.

ஒரு எச்சரிக்கை. பீடியைப் பற்றிப் பேசு என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்கலாம். வீட்டு வேலையை வகுப்பில் காட்சிக்கு வைப்பது வேறு பாவம். 'உனக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒன்று' என்று மட்டும் எல்லோருக்கும் பொதுவாகத் தலைப்புக் கொடுங்கள். அவள் கோலத்தைப் பற்றிப் பேசினாலும் பேசட்டும். கூந்தன்குளத்துப் பக்கத்துப் பையன் இருந்தால் பறவைகளைப் பற்றிப் பேசுவான். ஊருக்குள்ளேயே மரங்களில் கூடுகட்டுகிற நாரைகளைப் பார்த்து வளர்ந்தவனிடம் கேட்க எனக்கே கேள்வி இருக்கிறது.

நேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். அறுபது பேர் ஐந்து நிமிடம் பேசினால் ஐந்து மணி நேரம். அதனால்தான் ஒவ்வொரு பிள்ளையும் பருவத்துக்கு ஒரே ஒரு தடவை பேசி, அந்த ஒரு தடவையிலேயே தோற்றுப்போகிறது. கீத் மாரிஸ் என்ற ஆசிரியர் 1983இல் ஒரு வழி சொன்னார். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் 1989இல் அதை ஆராய்ந்து எழுதினார். ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். ஆளை மாற்றி இன்னொருவரிடம் அதையே மூன்று நிமிடத்தில். மறுபடி ஆளை மாற்றி இரண்டு நிமிடத்தில். முதல் தடவையில் என்ன சொல்வது என்ற குழப்பம் தீர்ந்துவிடுகிறது. அடுத்த தடவைகளில் மனம் சொல்லிலேயே நிற்கலாம். தயக்கம் குறைகிறது, வேகம் கூடுகிறது. ஒவ்வொரு தடவையும் கேட்பவர் புதியவர் என்பதால், சொல்கிறவளுக்குச் சலிப்பும் இல்லை. முப்பது பேர் பேச முப்பது பேர் கேட்டால், இருபக்கமும் மாறி முடிய இருபது நிமிடம் ஆகும். அறுபது பேரும் மூன்று தடவை பேசியிருப்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொள்ளுங்கள். சத்தமாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்புக்காரர் வந்து எட்டிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். மேடைக்கு அனுப்புவது இதற்குப் பிறகுதான்.

தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்லிக்கொள்கிறோம். தூய யோவான் கல்லூரி 1878, சாராள் தக்கர் கல்லூரி 1895, தூய சவேரியார் கல்லூரி 1923. ஒன்றரை நூற்றாண்டாக ஆங்கிலம் படித்த ஊர். அப்படியிருந்தும், முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளை இன்னும் பேச நின்று அழுகிறது என்றால் அந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்வது? நான் படித்த கல்லூரியிலும் பேச்சுப் போட்டி நடக்கும், பெயர் வேண்டாம். மூன்றாம் நிமிடம் ஒரு மணி, ஐந்தாம் நிமிடம் ஒரு மணி. நடுவர்கள் மூவரும் குனிந்து தாளில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். மூன்று உச்சந்தலைகளைப் பார்த்துக்கொண்டு ஒருவன் எப்படிப் பேசுவான்? நீங்களும் மதிப்பெண் தாளோடு கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாளை மூடுங்கள். பேசி முடிக்கும் வரை நிமிர்ந்து கேளுங்கள். மதிப்பெண்ணைப் பிறகு போடலாம்.

அந்த இருபத்தைந்தில் பத்தை எடுத்துக் கேட்பவர்களுக்கு வையுங்கள். பின்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எப்படிக் கேட்டார்கள், என்ன கேள்வி கேட்டார்கள் என்பதற்கு. மதிப்பெண் என்று வந்தால் நம் பிள்ளைகள் எதையும் கற்றுக்கொள்வார்கள். துறைத்தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால் இந்தக் கடிதத்தை அச்செடுத்து அவர் மேசையில் வையுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், ஒரே ஒரு வகுப்புக்கு அவரை வரச் சொல்லி, முன் பெஞ்சில் பின்பாட்டுக்கு உட்கார வையுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி