சவுண்ட்ஸ் ஆட்டத்தில் பாதியில் எழுந்து வராதீர்கள்

தம்பி, அமெரிக்காவின் நாஷ்வில்லுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் வாடகை, கார், பள்ளி பற்றிக் கேட்டதோடு, அலுவலக நண்பர்கள் இந்நகரின் பேஸ்பால் அணியான சவுண்ட்ஸின் ஆட்டத்துக்கு அழைப்பதாகவும், மேஜர் லீகுக்குக் கீழ்நிலையில் உள்ள மைனர் லீக் பேஸ்பாலில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்றுக்கும் பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன்.

கட்டாயம் போங்கள், போனால் பாதியில் எழுந்து வராதீர்கள். நம்மவர்களில் பலர் கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணோடு வந்து, ஐந்து இன்னிங்ஸ் (இரு அணியும் ஒருமுறை மட்டை பிடித்தால் இங்கே ஒரு இன்னிங்ஸ்) ஆகியும் ஸ்கோர் பலகையில் பூஜ்யமே நின்றால், ஒன்றும் நடக்கவில்லை என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் வருத்தம். பந்து எறியும் பிட்சர் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸை அடைவது) கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் எறிந்து முடித்தால் அது நோ-ஹிட்டர். வாக் (நான்கு தவறான பந்துகளுக்காக முதல் பேஸுக்கு இலவசமாகப் போவது), தடுப்பாளரின் பிழை என எவ்வழியிலும் எவரும் பேஸ் ஏறாமல், இன்னிங்ஸுக்கு மூன்றாக 27 அவுட்டும் வரிசையாக விழுந்தால் அது பெர்ஃபெக்ட் கேம். சவுண்ட்ஸ் அணிக்கு அத்தகைய பெர்ஃபெக்ட் கேம் இரண்டு உண்டு. 2003 ஏப்ரல் 7 அன்று ஜான் வாஸ்டின் ஆல்புகர்க்கி அணிக்கு எதிராக 15 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) எடுத்து 4-0 என வென்றார். 2007 ஜூன் 25 அன்று மானி பாரா ரவுண்ட் ராக் அணியை 3-0 என வீழ்த்தினார்.

காரும் இல்லாமல், பேச்சுத்துணையும் இல்லாமல் ஒற்றை அறையில் கிடந்த என் தொடக்க காலத்தில், கிதார் வடிவ ஸ்கோர் பலகை நின்ற பழைய கிரியர் ஸ்டேடியம்தான் எனக்குப் போக்கிடம். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் ஆட்டக் குறிப்பைப் பென்சிலால் எழுதக் கற்றுக்கொடுத்தார். இன்றும் நான் அப்படித்தான் எழுதுகிறேன், அதில் எனக்குப் பெருமை உண்டு. அவர் அடிக்கடி சொன்னது 1988 ஆகஸ்ட் மாதக் கதை. 6ஆம் தேதி இண்டியானாபோலிஸ் அணியின் ராண்டி ஜான்சனும் பாட் பாசில்லோவும் சேர்ந்து சவுண்ட்ஸுக்கு ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. ஆனாலும் வாக் பெற்ற சவுண்ட்ஸ் வீரர் ஒருவர் பேஸ்களைத் திருடி (அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடி) ரன் எடுத்துவிட, இண்டியானாபோலிஸ் 1-0 என்று தோற்றது. மறுநாளே சவுண்ட்ஸின் ஜாக் ஆம்ஸ்ட்ராங் அதே அணிக்கு எதிராக நோ-ஹிட்டர் எறிந்தார். ஹிட் அடிக்காமலே வெல்லவும், ஹிட் கொடுக்காமலே தோற்கவும் இடமுள்ள விளையாட்டை மந்தம் என்று ஒதுக்குவது அறியாமை.

இன்னொரு எச்சரிக்கை. நோ-ஹிட்டர் நெருங்கும்போது வீரர்கள் அமரும் டக்அவுட்டில் எவரும் பிட்சரிடம் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேசினால் கெட்டுப்போகும் என்ற நம்பிக்கை பார்வையாளர்களிடமும் உண்டு. ஏழாவது இன்னிங்ஸில் ஸ்கோர் பலகையில் எதிரணியின் ஹிட் கட்டத்தில் பூஜ்யம் இருந்து, உங்கள் நண்பர்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டால், காரணம் கேட்காதீர்கள். ஆட்டம் முடிந்தபின் அவர்களே விரிவாகச் சொல்வார்கள்.