கடற்கரையில் பொறுக்கிய வெள்ளை மணிகள்: மீன் வாங்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் குடியிருக்கிறோம். பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவோம். ஏழு வயது மகள் மணலில் கிடந்த சவ்வரிசி மாதிரியான வெள்ளை மணிகளைப் பொறுக்கி ஒரு ஜாம் போத்தலில் சேர்த்து வைத்திருக்கிறாள். எரிந்த கப்பலில் இருந்து வந்தவை, தொட்டாலே விஷம் என்கிறார் மாமியார். போன சனிக்கிழமையில் இருந்து வீட்டில் மீனும் இல்லை. இவற்றைத் தொடலாமா? மீன் வாங்கலாமா? எங்களால் செய்யக்கூடியது ஏதும் உண்டா?
- ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: முதலில் அது பிளாஸ்டிக்தானா என்று பார்த்துவிடுங்கள். ஒரு கிளாஸ் குழாய்த் தண்ணீரில் பத்து மணிகளைப் போட்டு விரலால் அமுக்கிவிடுங்கள். சிப்பித் துண்டும் பவளத் துண்டும் அடியில் போய்க் கிடக்கும். பொலித்தீன் குருணை திரும்ப மேலே வரும். நகத்தால் அழுத்தினால் உடையாது, இலேசாகப் பதியும். சவ்வரிசி என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

வாளி, போத்தல், சொப்பிங் பேக் எல்லாம் செய்ய உருக்கும் மூலப்பொருள் இது. ஐந்து மில்லிமீற்றருக்குள் அடங்கும். மாமியார் சொல்லும் கப்பல் எக்ஸ்பிரஸ் பேர்ல். 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பிடித்து, ஜூனில் நீர்கொழும்புப் பக்கம் மூழ்கியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலமும் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குருணையும் அவற்றுக்குள் இருந்தன. குருணை கடலில் கொட்டிய சம்பவங்களில் உலகிலேயே பெரியது அதுதான். 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் டொலர் இழப்பீடு கட்டச் சொன்னதையும் வாசித்திருப்பீர்கள்.

ஆனால் உங்கள் மகளின் போத்தலில் இருப்பது முழுக்க அந்தக் கப்பலுடையது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோதும் இதே குருணை வட பகுதிக் கரைகளில் ஒதுங்கியது. நம்மூர்த் தொழிற்சாலைகளில் மூட்டை கிழிந்து சிந்துவதும் மழையோடு கானில் இறங்கிக் கடலுக்கு வரும். ஒருமுறை மணலுக்குள் புதைந்ததை ஒவ்வொரு தென்மேற்குப் பருவக்காற்றும் கிளறி மேலே போடும். கறுப்பாகவோ மண்ணிறமாகவோ உருகி ஒட்டிய கட்டிகள் கிடைத்தால் மட்டும், எரிந்த கப்பலை நினைக்கலாம்.

தொட்டால் விஷமா? மாமியார் சொன்னதில் பாதி சரி. வெறுங்கையால் நாலைந்து மணி எடுப்பதால் ஒன்றும் ஆகாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணெயில் கரையும் நஞ்சுகள், பழைய டிடிடி பூச்சிமருந்து போன்றவை, கடல்நீரை விட்டுவிட்டு பிளாஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். குருணை கடலில் கிடக்கக் கிடக்க மஞ்சளாகும், ஒட்டும் நஞ்சும் கூடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005 முதல் உலகெங்கும் உள்ள கடற்கரைகளில் இருந்து இதே குருணையைத் தபாலில் வரவழைத்து எந்தக் கடலில் என்ன நஞ்சு என்று அளந்துவருகிறார்கள். ஆகவே பொறுக்கினால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும், வாயில் வைக்கக்கூடாது. வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் போத்தல் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். எரிந்த கட்டியைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

சரி, மீன். சனிக்கிழமை முதல் நிறுத்தியது தேவையில்லாத வேலை. 2021இலும் இதுதான் நடந்தது. பயத்தில் ஊரே மீனை விட்டது, கரையோர மீனவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. பேலியகொடை மீன் சந்தைக்கு வரும் சூரையும் பெரிய மீன்களும் பெரும்பாலும் பலநாள் படகுகள் ஆழ்கடலில் பிடிப்பவை. வெள்ளவத்தை மணலில் என்ன கிடக்கிறது என்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தம் குறைவு. கரையோரத்துச் சாளை, கும்பளா குருணையை விழுங்கியிருந்தாலும் அது பெரும்பாலும் குடலிலும் செவுளிலும்தான் நிற்கும். நாம் குடலை எடுத்து, செவுளை வெட்டி, மஞ்சளும் உப்பும் போட்டு அலசித்தானே சமைக்கிறோம்! நெத்தலி போல முழுசாகத் தின்பவற்றில் மட்டும் நுண்துகள்கள் நம் வயிற்றுக்கும் வரும். அதற்காக நெத்தலியை விடச் சொல்லமாட்டேன், நானும் விடவில்லை.

மீனில் நான் உண்மையிலேயே கவனிக்கச் சொல்வது வேறு இரண்டு விஷயம். ஒன்று பாதரசம். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களின் தசையிலேயே அது சேரும், கழுவினாலும் சமைத்தாலும் போகாது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. மற்றது ஐஸ். சூரை சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலை இடித்தால் பலரும் கப்பலைத் திட்டுகிறார்கள். அது ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த மீனில் ஊறும் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள். பொரித்தாலும் அழியாது. மீன்காரரிடம் எந்தக் கடல் மீன் என்று விசாரிப்பதைவிட, தட்டில் ஐஸ் இருக்கிறதா, விரலால் அமுக்கினால் தசை திரும்ப எழும்புகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடியது. கப்பலை நாம் தடுக்க முடியாது. வீட்டு வாசலில் ஓடும் கானை நாம் கவனிக்கலாம். கொழும்பின் கடலைத் தினமும் கெடுப்பது அதுதான் என்பது என் எண்ணம்.

மழை பிடித்து அரை மணித்தியாலம் கழித்து வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் ஒருநாள் நின்று பாருங்கள். முதலில் பிளேன்ரீ நிறத்தில் தண்ணீர் வரும், மேலே எண்ணெய்ப் படலம் வானவில் போலச் சுழலும். பிறகு ரெஜிஃபோம் பெட்டி, யோகட் கோப்பை, 2017இலேயே தடை செய்த லஞ்ச் ஷீட், சிகரட் அடிக்கட்டை. பஞ்சு மாதிரித் தெரியும் அந்த வடிகட்டியும் பிளாஸ்டிக்தான். காலி வீதியில் பல நாளாகச் சேர்ந்த டயர்த் தூளும் எஞ்சின் எண்ணெயும் முதல் மழையிலேயே கடலுக்குப் போய்விடும். மழைக்குப் பின் இரண்டு மூன்று நாளைக்குக் கால்வாய் வாயருகே பிள்ளைகளைக் குளிக்க விடவேண்டாம் என்று சொல்வது இதனால்தான். போதாததற்கு, பல தசாப்தங்களாகக் கொழும்பின் மலக்கழிவைக் கடலுக்குள் விடும் குழாய்களில் ஒன்று வெள்ளவத்தையிலேயே இருக்கிறது, மற்றது முகத்துவாரத்தில்.

உங்கள் குசினித் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியுமா? பழைய வீடுகள் பலவற்றில் அது நேரே தெருக்கானுக்குப் போகும். துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்து சிங்கில் ஊற்றிவிட்டு வெளியே கானைப் பாருங்கள். நீலம் அங்கே வந்தால், வடை பொரித்த எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் அதே வழியில்தான் போகின்றன. அவற்றைத் தின்னும் கிருமிகள் தண்ணீரில் உள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடும். கால்வாயில் அடிக்கும் அழுகல் முட்டை நாற்றம் அதன் அடையாளம். மிஞ்சும் சத்து கடலில் பாசியை வளர்க்கும், பாசி பவளப் பாறையை மூடும். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி நம் பவளங்கள் வெளுத்தன. அப்படி நலிந்த பவளம் பாசியோடு போராடாது. எண்ணெயை ஆறவைத்து ஒரு பழைய போத்தலில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள். சட்டியைக் கழுவமுதல் பழைய பேப்பரால் துடையுங்கள். பிளாட் என்றால் நிர்வாகக் குழுவிடம் குழாயை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், சண்டை வரும், பரவாயில்லை. பேக்குக்கு 2025 நவம்பர் முதல் கடையில் காசு கேட்கிறார்கள், ஆகவே துணிப்பை பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒரே நாளில் கரையில் குருணை மூடையாகக் கொட்டியதுபோல் கிடந்தால் நீங்களே அள்ளாமல் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவியுங்கள்.

மகளின் போத்தலை எறிய வேண்டாம். மூடியை இறுக்கி, பொறுக்கிய திகதியையும் இடத்தையும் ஒரு துண்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளை, மஞ்சள், எரிந்தது என்று மூன்று போத்தலாகப் பிரித்தால் இன்னும் நல்லது. எரிந்ததை மட்டும் கையுறை போட்டு நீங்களே எடுத்துப் போத்தலில் போடுங்கள்.