பிளேடை எடுப்பவர் பக்கத்தில்

அன்புள்ள ஐயா,

ட்ரவுட் மீன் பிடிப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நானும் ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி) கட்ட ஆரம்பித்தேன். ஆறு மாதமாக யூடியூப்தான் வாத்தியார். எங்கள் ஊர் மீன்பிடிச் சங்கத்தில் எழுபதைத் தாண்டிய மூன்று பேர் அருமையாகக் கட்டுகிறார்கள். எப்படி என்று கேட்டால், "சுற்றிக்கொண்டே இரு, வரும்" என்பதோடு சரி. இவர்களிடம் எப்படித்தான் கற்பது?

ஆர்., நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

அவர்கள் எதையும் மறைக்கவில்லை. விரலுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்காவது பதில் கிடைக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கேட்ஸ்கில் மலை. 1920களில் அங்கே ரோஸ்கோ என்ற ஊரைச் சேர்ந்த வால்ட் டெட்டி என்ற இளைஞர், ஃப்ளை கட்டுவதில் அந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற ரூப் கிராஸிடம் போய்க் கற்றுத்தரக் கேட்டார். கிராஸ் முடியாது என்றுவிட்டார். டெட்டி அதே கிராஸின் ஃப்ளைகளை 50 டாலருக்கு வாங்கினார். அன்றைக்கு அது பெரிய பணம். ஒவ்வொன்றாக நூலைப் பிரித்து, கடைசிச் சுற்றிலிருந்து முதல் சுற்றுவரை பின்னோக்கிப் போய்த் தொழிலைப் பிடித்துக்கொண்டார். அவரும் மனைவி வின்னியும் தொடங்கிய கடை இன்றும் நடக்கிறது.

ஸ்காட்லாந்தில் மேகன் பாய்டும் இப்படித்தான். பழைய ஃப்ளையைப் பிரித்து, அதே இறகுகளை அதைவிடச் சின்ன முள்ளில் திரும்பக் கட்டிப் பழகியவர். (சால்மன் பிடிப்பவர்களுக்கு ஆயுள் முழுக்க ஃப்ளை கட்டிக்கொடுத்த அந்த அம்மாவுக்கு மீனைக் கொல்ல மனசு வந்ததில்லை. அவர் தூண்டில் போட்டதே இல்லை.)

ஆகவே பெரியவர்களிடம் ஆளுக்கு இரண்டு ஃப்ளை கேட்டு வாங்குங்கள். ஒன்றைப் பிரியுங்கள், இன்னொன்றைப் பார்த்துக் கட்டுங்கள். பிரிக்கும்போது சுற்றுகளை எண்ணுங்கள். நீங்கள் பத்து சுற்று சுற்றும் இடத்தில் அவர் மூன்றோடு நிறுத்தியிருப்பார்.

நான் கட்டியதை முதன்முதலில் ஒரு பெரியவரிடம் காட்டியபோது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் பிளேடை எடுத்து ஒரே இழுப்பு. இறகும் நூலும் மேசையில், வெறும் முள் என் கையில். முள்ளின் காதுவரை சுற்றி அடைத்திருந்தேன். நூலை முடிக்கும் தலைமுடிச்சுக்கு இடமில்லை, தூண்டில் நரம்பைக் கோக்க வழியும் இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு காதளவு இடம் விட வேண்டும் என்பதை அதற்குமுன் எத்தனையோ வீடியோவில் கேட்டிருக்கிறேன். பிளேடுக்கு அப்புறம்தான் கை கேட்டது.

ஒரு சின்ன விஷயம். அவர்களுக்கு எதிரில் உட்காராதீர்கள், எல்லாம் இடம் வலமாகத் தெரியும். தோளோடு தோளாக உட்காருங்கள். ஆற்றுக்குப் போனாலும் பக்கத்திலேயே இருங்கள். என் பெரியவர் முதல் அரை மணி நேரம் தூண்டிலையே தொடமாட்டார். தண்ணீருக்குள் கிடக்கும் கல்லைப் புரட்டி, அடியில் ஊர்கிற பூச்சியின் நிறத்தையும் அளவையும் பார்த்துவிட்டுத்தான் ஃப்ளை டப்பாவைத் திறப்பார்.

அடுத்த முறை சங்கத்துக்குப் போகும்போது நீங்கள் கட்டியதில் படுமோசமானதையும் எடுத்துப்போங்கள். மூன்று பேரில் யார் பிளேடை எடுக்கிறாரோ, அவர் பக்கத்தில் நாற்காலியைப் போடுங்கள்.

அன்புடன்.