டெத் மெட்டலில் வரும் உறுமல் குரல் போகப் போகப் பழகிவிடுமா?

"இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை, இதை ரசிப்பவர்கள் நடிக்கிறார்களா?" என்று கேள்வியின் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நடிக்கவில்லை ஐயா. சரி, முதல் மூன்று மாதம் நடித்தேன்.

டெத் மெட்டல் என்பது மின்கிடாரும் டிரம்ஸும் அதிர, பாடுகிறவர் உறுமும் ராக் வகை. உங்களுக்கு நண்பர் யாரோ அதில் ஒரு பாட்டு அனுப்பியிருப்பார். கிடார் நன்றாக இருக்கிறதே என்று நினைக்கும்போது அந்தக் குரல் வந்து விழுந்திருக்கும், காதில் மாட்டியதைப் பிடுங்கிப் போட்டிருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

2008. பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் விடுதி. அறைத்தோழன் தூத்துக்குடிக்காரன். அவன் அண்ணன் கப்பலில் வேலை பார்த்ததால் ஹார்ட் டிஸ்க் நிறைய ஊர் உலகத்துப் பாட்டு. ஸ்வீடன் குழுவான ஓபெத்தின் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) தொகுப்பை என் சைனா எம்பி3 பிளேயரில் ஏற்றிக் கொடுத்தான். அதில் ஒரே ஆள்தான், மிக்கேல் ஓகர்ஃபெல்ட், குழைந்தும் பாடுவார், உறுமவும் செய்வார். குழையும் இடங்கள் எனக்குப் பிடித்துப்போயின. உறுமல் வந்தால் ஃபார்வர்ட் பட்டனை அமுக்குவேன். எந்தப் பாட்டில் எத்தனையாவது நிமிடத்தில் உறுமுவார் என்பது மனப்பாடம். இந்த லட்சணத்தில் அவன் முன்னால் தலையை வேறு ஆட்டுவேன். நடிப்பு என்று சொன்னது அதைத்தான்.

அமுக்கி அமுக்கி அந்தப் பட்டன் ஒருநாள் உள்ளேயே போய்விட்டது. சனிக்கிழமை தோறும் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து ஊருக்கு, முக்கூடலுக்கு பஸ். ஜன்னலோர சீட், தாண்டிப் போக வழியில்லாத பாட்டு. ஒரு மாதம் அப்படிப் போனதில் எரிச்சல் போய்விட்டது. பிடித்துவிட்டதா என்றால் இல்லை. பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் மாதிரி, அது பாட்டுக்கு ஓடும். ஆக, பழகுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: பழகும். ஆனால் பிடிப்பது வேறு. அதற்கு எனக்கு எங்கள் ஆச்சி தேவைப்பட்டாள்.

அடுத்த சித்திரையில் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது திருவிழா. ராத்திரி ஒரு மணிக்குக் கணியான் கூத்து, சாமி கதையைப் பாடி ஆடுவது. உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று என இரண்டு மகுடம் என்ற தோல்பறை அதிர, தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பின்பாட்டுக்காரர் வாங்கி இழுக்க, பெண் வேடம் கட்டியவர்கள் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். சின்னதிலிருந்து கேட்கிறேன், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் விளங்கியதில்லை. ஆச்சி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து "அடப் பாவி" என்பாள், சிரிப்பாள், முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அன்றைக்குத்தான் கேட்டேன், "அவரு கத்துதது ஒனக்கு எப்படி ஆச்சி விளங்குது?"

"ஏல, ஒனக்குக் கதை தெரியாது, அதான் கத்துத மாதிரி இருக்கு. எனக்கு அவன் வாயத் தொறக்க முன்னயே அடுத்த வரி தெரியும்லா."

திங்கட்கிழமை பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். 'டெத்' என்ற அமெரிக்கக் குழுவின் 'சிம்பாலிக்' தொகுப்பு, 1995இல் வந்தது. பாட்டு வரிகளை பிரிண்ட் எடுத்தேன். பக்கத்துக்கு மூன்று ரூபாய். குழுவின் பெயரே சாவு, உள்ளே எலும்பும் ரத்தமும்தான் இருக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் முதல் பாட்டு சின்ன வயசின் கள்ளமின்மை தொலைந்துபோவதைப் பற்றி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து தடவை ஓடவிட்டேன். மூன்றாவது தடவையில் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து சொல் சொல்லாக எழுந்து வந்தது. அதற்கப்புறம் தாளே வேண்டியிருக்கவில்லை. ஒருதடவை கேட்டுவிட்ட சொல்லைக் கேட்காமல் இருக்கக் காதுக்குத் தெரியவில்லை. அதைப் பாடிய சக் ஷுல்டினர் 2001இல், 34 வயதில், மூளைக் கட்டியால் செத்துப்போனார் என்று அன்றைக்கே படித்தேன். நான் கேட்க ஆரம்பிப்பதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே ஆள் போய்விட்டார்.

கொடையில் கோமரத்தாடி, அதாவது சாமியாடி, உறுமுவதும் இதுவும் ஒன்றா என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். நான் அப்படிச் சொல்லவே இல்லை. கோமரத்தாடிக்குச் சாமி வருகிறது, இவர்களுக்குப் பயிற்சி. பிணம், ரத்தம் என்று பாடுகிறார்களே என்பவர்களுக்கும் ஒன்று. அப்படிப் பாடுகிற குழுக்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கயிலாயத்திலிருந்து சுடலை கீழே அனுப்பப்பட்டதே சுடுகாட்டில் பிணம் தின்றதற்காகத்தான். அந்தக் கதையைக் கேட்டுத்தான் ஆச்சி கண்ணைத் துடைத்தாள். இளையராஜா ரசிகர்களே, நானும் உங்கள் ஆள்தான், விட்டுவிடுங்கள்.

தொண்டை கெட்டுப்போகாதா என்று அடுத்து கேட்பீர்கள். குரல்வளையில் உண்மையான குரல் நாண்களுக்கு மேலே பொய்க் குரல் நாண்கள் என்று ஒரு ஜோடி மடிப்பு இருக்கிறது. பெரும்பாலான உறுமலுக்கு அதையும் அதிரவைக்கிறார்கள். ரஷ்யாவின் துவா பகுதி மக்களின் அடித்தொண்டைப் பாட்டிலும் அதே வேலைதான். முறையாகச் செய்தால் நாம் நினைக்கிற அளவுக்குச் சத்தமே போடுவதில்லை, மைக் பார்த்துக்கொள்கிறது. ஆர்ச் எனிமி குழுவின் ஒரு பாட்டைப் போட்டு "பாடுறது யாருன்னு சொல்லு மாப்ள" என்றான் அறைத்தோழன். ஏதோ தடியன் என்றேன். ஏஞ்சலா கோசோ என்ற பெண்.

தொண்டையைப் பற்றி உண்மையிலேயே கவலை என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள். என் அம்மா முப்பது வருஷமாகச் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறாள். புகையிலைத் தூள் ஏறி எந்நேரமும் இருமல். நாள் முழுக்கக் குனிந்திருந்து ஆயிரம் பீடி கொண்டுபோய்க் கொடுத்தால், கடைக் கணக்கப்பிள்ளை ஒரு பீடிக்கட்டை உருட்டிப் பார்த்து "இது லூசு" என்று நூறைக் கழித்துப் போடுவார். கழித்ததைத் திருப்பித் தருவாரா? மாட்டார். கூலியும் கிடையாது. இலை குறைச்சலாகத் தந்துவிட்டு எண்ணிக்கை மட்டும் சரியாக வேண்டும் என்பார், குறைகிற இலையை நாங்கள் காசு கொடுத்து வாங்குவோம். மேடையில் கத்துகிறவனின் தொண்டைக்காக உருகுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

அம்மா இந்தப் பாட்டை முதலில் கேட்டபோது சொன்னது: "என்னல இது, தூளு ஏறுனவன் இருமுத மாதிரி." இப்போது போட்டால் நிறுத்தச் சொல்வதில்லை. இது ஓடும்போது பக்கத்து வீட்டு அக்கா கடன் கேட்க வருவதில்லையாம்.

ஆகவே நீங்கள் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே பாட்டை நாலைந்து தடவை கேட்டுப் பாருங்கள். ஓபெத்தின் 'டாம்னேஷன்' (2003) நல்ல தொகுப்புதான், ஆனால் அதில் உறுமலே கிடையாது, உங்கள் கேள்விக்கு உதவாது. வரி தெரிந்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 2009இல் ஓபெத் சென்னை ஐஐடி மாணவர்களின் சாரங் கலைவிழாவுக்கே வந்தார்கள். கையில் காசில்லாமல் நான் போகவில்லை. அந்த வயிற்றெரிச்சல் உங்களுக்காவது மிச்சம்.

அறைத்தோழனும் இப்போது கப்பலில்தான். போன கொடையில் அண்ணாவி பாடியதைப் போனில் பதிவு செய்து அவனுக்கு அனுப்பினேன். நாலு நாள் கழித்து, எந்தக் கடலிலிருந்தோ, பதில் வந்தது: "மகுடம் கொன்னுட்டுது மாப்ள. ஆனா ஒரு வார்த்தை விளங்கல. வரி இருந்தா அனுப்பு." ஆச்சி போய் ஆறு வருஷம் ஆகிறது. திரும்பத் திரும்ப ஓடவிட்டு நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினேழு வரி தேறியிருக்கிறது.